அசையாது நிற்றலும் சிறார் உடலும்

பள்ளிக்கூடங்களிற் பிரம்பு மறைந்து வருகின்றது என்று பலரும் மகிழ்ந்து பேசக் கேட்கின்றோம். அது மகிழ்தற்குரியதே. ஆயினும், பிரம்பு விட்டுச்சென்ற இடத்தில் வேறொன்று ஓசையின்றி வந்து அமர்ந்திருப்பதை அங்ஙனம் பேசுவோர் கண்டிலர். முழங்காலிட்டு நில், பெஞ்சின்மேல் ஏறி நில், கைகளைத் தலைக்குமேல் உயர்த்திப் பிடி, சுவரிற் சாய்ந்து நாற்காலியின்றியே நாற்காலியில் இருப்பதுபோல் இரு என்னும் ஏவல்களே அவை. இத்தண்டனைகளில் அடியின் ஓசையில்லை, தழும்பில்லை, பெற்றோர் வந்து வினவுதற்கும் யாதோர் அடையாளமில்லை. ஆகவே இவை இரக்கம் வாய்ந்த தண்டனைகள் என்று எண்ணப்படுகின்றன. அவ்வெண்ணம் பிழையென்பதும், தழும்பு தோலில் இல்லையாயினும் அதன் வேலை நரம்பிலும் சுரப்பிகளிலும் நடைபெறுகின்றது என்பதும், நாளை ஆசிரியராகப் போகும் நம்மனோர் இதனை இன்றே ஆராய்ந்து தெளிதல் வேண்டும் என்பதும் ஈண்டு யாம் கூறப்புகுந்தன.

முதற்கண் எமது அனுபவம் ஒன்றைச் சொல்லுதற்கு வாசகர் இடந்தருவாராக. எமது ஊர் வெண்ணாற்றங்கரையிலுள்ள ஒரு சிற்றூர். மேட்டூர் அணையிலிருந்து நீர் திறந்துவிடுதற்கு வழக்கமான நாள் ஜூன் 12. அந்நீர் கல்லணையை அடைந்து, அங்கிருந்து பிரிந்து, வாய்க்கால்தோறும் பரவி எம்மூரை எட்டுங் காலமும், கோடை விடுமுறை கழிந்து பள்ளி திறக்குங் காலமும் ஏறக்குறைய ஒன்றே. எமக்கு ஒன்பது வயதிருக்கும். வகுப்பு நடந்துகொண்டிருக்கையில், வறண்டு கிடந்த வாய்க்காலில் புதுநீர் நுரைத்து வருவதைச் சன்னலின் வழியே கண்ட நாங்கள் நால்வர் எழுந்து ஓடிப் பார்த்தோம். தஞ்சை நாட்டிற் பிறந்த பிள்ளைகள் அதனைச் செய்யாதிருத்தல் அரிது. எம்மில் மூவரை முழங்காலிட்டுக் கைகளை உயர்த்தி நிற்குமாறும், முதலில் எழுந்தோடிய தோழன் ஒருவனைச் சுவரோரமாக நாற்காலியைப்போல் இருக்குமாறும் ஆசிரியர் பணித்தார். சிறிது நேரத்தில் அவனுடைய தொடைகள் நடுங்கலாயின. அந்நடுக்கத்தைக் கண்டு வகுப்பு முழுவதும் நகைத்தது. அரைமணி நேரங் கழித்து அவனை எழுப்பி, எட்டாம் வாய்பாட்டைச் சொல்லுமாறு கேட்டார். அன்று காலையிற் பள்ளிக்கு வரும் வழியெல்லாம் அதனைப் பாட்டுப்போல் எமக்கு ஒப்பித்து வந்தவன் அவன். அப்பொழுதோ, எண்ணான்கு எவ்வளவு என்பதற்கு மேல் அவன் வாயில் ஒன்றும் எழவில்லை. ‘படித்தால்தானே வரும்’ என்றார் ஆசிரியர். அவர் கொடியவர் அல்லர், பிரம்பையே தொடாதவர். அதனாலேயே ஊரில் அவர்க்கு நல்ல பெயர். அந்நாள் முதல் எம் உள்ளத்தில் கிடந்த ஐயம் ஒன்றுண்டு: காலையில் வந்த வாய்பாடு எங்கே போயிற்று?

யாம் தமிழ் பயில்வோமேயன்றி மருத்துவம் பயின்றோம் அல்லேம். ஆயினும் விடுதியில் எம்முடன் உறையும் விலங்கியல் மாணவர் ஒருவருடன் உரையாடியும், அவர் காட்டிய நூல்களைக் கற்றும் தெளிந்தவற்றை இயன்றவரை எளிய முறையிற் கூறுவோம்.

தசையின் உழைப்பு இருவகைப்படும். நடத்தல், ஓடுதல், நீந்துதல், நீர் இறைத்தல் முதலியன அசைவோடு கூடிய உழைப்பு. சுமையைத் தூக்கிப் பிடித்தபடியே நிற்றல், மடங்கிய காலோடு நிற்றல், கையை உயர்த்தியபடி இருத்தல் முதலியன அசைவற்ற உழைப்பு. பார்ப்பார்க்கு முன்னையதே கடியதாகத் தோன்றும். பின்னையது வாளா இருத்தல் போலத் தோன்றும். உண்மை வேறு. நடக்குங்கால் தசை சுருங்கும், உடனே தளரும். சுருங்கும்போது பழைய இரத்தத்தைப் பிழிந்து வெளியேற்றும். தளரும்போது புதிய இரத்தத்தை ஏற்கும். ஏற்றம் இறைப்பவன் குனிந்து நிமிர்வதுபோல் தசையும் தானே தனக்கு நீர் இறைத்துக்கொள்கின்றது. அசையாது பிடித்த நிலையிலோ, சுருங்கிய தசை தன்னூடே செல்லும் இரத்தக் குழாய்களைத் தானே நெரிக்கின்றது. மடையை அடைத்துவிட்டு வயலைக் காய்கின்றதே என்று நோவதற்கு இஃது ஒக்கும்.

இந்நெரிப்பு எப்பொழுது தொடங்குகின்றது என்பதை ஜெர்மனி நாட்டு ரோமெர்ட் என்பார் 1960-ஆம் ஆண்டில் அளந்து வெளியிட்டார். ஒரு தசையின் முழு வலிமையை நூறாகக் கொண்டால், அதில் ஏறத்தாழப் பதினைந்து பங்கிற்கு உட்பட்ட பிடிப்பை நெடுநேரம் தாங்கலாம். ஐம்பது பங்காயின் ஒரு நிமிட அளவே தாங்கலாம் என்பது அவர் கண்ட முடிபு. நெடுநேர உழைப்புக்கு அப்பதினைந்தும் மிகையென்றே பின்வந்தோர் கூறினர். நாற்காலியின்றி இருக்கும் சிறுவனுடைய தொடைகள் அவனது உடற்பாரத்தின் பெரும்பகுதியைத் தாங்குகின்றன. அந்நடுக்கம் நடிப்புமன்று, சோம்பலுமன்று, உணவும் உயிர்வளியும் கிட்டாத தசையின் முறையீடு அது.

அம்முறையீட்டை உடல் எங்ஙனம் கேட்கின்றது? 1937-ஆம் ஆண்டில் ஆலம், சுமிர்க் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் ஓர் அரிய சோதனை செய்தனர். ஒருவரை உழைக்கச் செய்து, உழைக்கும் உறுப்பினின்றும் இரத்தம் திரும்பாதவாறு பட்டையால் இறுக்கினர். உழைப்பு நின்றபின்னும், பட்டை இறுகியிருக்குமளவும், உயர்ந்த இரத்த அழுத்தம் தாழவில்லை. பட்டையைத் தளர்த்திய பின்னரே தாழ்ந்தது. இதனாற் புலனாவது யாது? தசையிலே தேங்கிய கழிவுப்பொருள்கள் அங்குள்ள நுண்ணிய நரம்புகளைத் தூண்டுகின்றன. அந்நரம்புகள் மூளையின் அடிப்பகுதிக்குச் செய்தி விடுக்கின்றன. மூளை, நெரிபட்ட தசைக்கு எவ்வாறேனும் இரத்தத்தைச் செலுத்தும் பொருட்டு உடல் முழுவதன் அழுத்தத்தையும் உயர்த்துகின்றது.

இதனை நடத்துவது தன்னியக்க நரம்பு மண்டலம். அதற்கு இரு பிரிவுகள் உண்டு. ஒன்று இதயத்தை அடக்கி, உடலை அமைதிப்படுத்தி, உணவைச் செரிக்கச் செய்வது. மற்றொன்று உடலைப் போருக்கும் ஓட்டத்திற்கும் ஆயத்தம் செய்வது. முன்னதை எதிர்ப்பரிவு நரம்பு என்றும், பின்னதைப் பரிவு நரம்பு என்றும் கூறுவர். பிடிப்புத் தொடங்கிய மாத்திரத்தில் அடக்கும் நரம்பு தன் கையை எடுத்துவிடுகின்றது; இதயம் விரைகின்றது. பிடிப்பு நீள நீள, ஆயத்தம் செய்யும் நரம்பு மேலோங்கி இரத்தக் குழாய்களை இறுக்குகின்றது. கைப்பிடிக் கருவி ஒன்றை முழு வலிமையில் மூன்றிலொரு பங்கினும் சற்றுக் குறைவாகச் சில நிமிடம் பிடித்திருக்கச் செய்து, இரத்த அழுத்தத்தின் கீழளவு எவ்வளவு உயர்கின்றது என்று மருத்துவர் நோக்குவர். வளர்ந்தோர்க்குப் பாதரச அளவில் 16 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ உயருமாயின் அவர் நரம்புகள் செவ்வையாய் உள்ளன என்பர். ஒரு கையின் சிறு பிடிக்கே இத்துணை விளைவு உண்டு.

இவ்விடத்து நம் நாட்டுப் பழைய தண்டனை ஒன்று நினைவிற்கு வருகின்றது. திண்ணைப் பள்ளிக்கூடங்களிற் ‘கோதண்டம்’ என்பதொன்று இருந்தது. உத்தரத்திற் கட்டிய கயிற்றைப் பற்றிச் சிறுவன் தொங்கவேண்டும். கை சோர்ந்து விட்டால் விழுவான். விழுந்தால் மேலும் தண்டனை. மருத்துவர் சில நிமிட அளவில், மெல்லிய பிடியில், நோயறிதற்காகச் செய்யும் சோதனையையே, அக்காலத்துப் பள்ளிகள் முழு உடற்பாரத்தையுங் கட்டி, எல்லையின்றிச் செய்து வந்தன என்னலாம். தஞ்சை நாட்டில் 1855-ஆம் ஆண்டிற் பிறந்த மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையரவர்கள் காலத்துச் சிறார் பயின்ற பள்ளிகள் அத்திண்ணைப் பள்ளிகளே. அவற்றில் மனப்பாடம் சிறந்தது, எண்சுவடி சிறந்தது. அச்சிறப்பைக் காட்டிக் கோதண்டத்தையும் புகழ்வோர் இன்றும் உளர். கோதண்டத்தினால் எண்சுவடி வந்ததா, கோதண்டம் இருந்தும் வந்ததா என்று அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

இனி, சிறார்க்கு இவ்வுழைப்பால் நிகழ்வது வளர்ந்தோர்க்கு நிகழ்வதை ஒக்குமோ எனின், முற்றும் ஒவ்வாது. இங்கே உண்மையை மறையாது கூறுதல் கடன். சிறுவரையும் ஆடவரையும் தத்தம் வலிமையில் ஒரே விகிதத்தைப் பிடிக்கச் செய்து அளந்த ஆராய்ச்சிகளில், சிறுவர்க்கு இதயத்துடிப்பும் இரத்த அழுத்தமும் உயர்வது குறைவாகவே காணப்பட்டது. கடிய உழைப்பின்போது பரிவு நரம்புகளும் சிறுநீரகத்தின் மேலமைந்த சுரப்பியும் விடுக்கும் அட்ரினலின் முதலியனவும் சிறார்க்குக் குறைவு. அவர்கள் தசையில் கழிவும் குறைவாகவே சேர்கின்றது. களைப்பினின்று அவர்கள் விரைவில் மீள்கின்றனர். கனடா நாட்டு ஃபால்க், டோட்டன் என்னும் அறிஞர், சிறார் தம் தசையிலுள்ள விரைந்து வலிந்து சுருங்கும் இழைகளை வளர்ந்தோரளவு முற்றும் ஏவவியலாதவர் என்னும் கொள்கையை முன்வைத்துள்ளனர். இயற்கை, முற்றாத உடலை அதன் எல்லைக்குச் செல்லவொட்டாது காத்து நிற்கின்றது போலும்.

‘அங்ஙனமாயின் நும் கட்சி வீழ்ந்ததே, சிறார்க்கு இத்தண்டனை இலேசென்றன்றோ ஆகின்றது’ என்று ஒருவர் வினவலாம். வீழவில்லை, அதற்குக் காரணம் மூன்று. அச்சோதனைகளிற் சிறுவன் பிடிப்பது அவன் வலிமையிற் சிறு பங்கு; தண்டனையில் அவன் தாங்குவது அவன் உடல். சோதனை நிமிடக்கணக்கில் முடிவது. தண்டனை முடிவதோ மணி அடிக்கும்போது. சோதனையில் அவன் வேண்டும்போது கையை விடலாம். தண்டனையில் விட இயலாது. இம்மூன்றனுள் கடைசியே தலையாயது. ஏனெனில், நரம்பின் கதை இங்கே முடிந்து சுரப்பியின் கதை தொடங்குகின்றது.

உடலில் இடர் தோன்றியபோது இரு தூதர் எழுகின்றனர். முதலாமவர் அட்ரினலின். அவர் நொடிப்பொழுதில் வருவார். வந்த வேலை முடிந்ததும் சில நிமிடங்களில் மறைவார். இரண்டாமவர் கார்ட்டிசால். மூளையின் அடியிலுள்ள ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரிச் சுரப்பியை ஏவ, அது சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பியை ஏவ, அதன்பின் வருவது கார்ட்டிசால். அவர் மெல்ல வருவார். இடர் தொடங்கி ஏறத்தாழ இருபது முதல் முப்பது நிமிடங்களிலேயே உமிழ்நீரில் உச்சத்தைக் காட்டுவார். பின்னும் நெடும்பொழுது தங்குவார். உடலின் உழைப்பு மிகக் கடுமையாகவும் நீண்டதாகவும் இருந்தாலன்றி அவர் பெரிதும் எழுவதில்லை. ஆயின் உள்ளத்தின் இடர்க்கு அவர் விரைந்து எழுவார். எவ்வகை இடர்க்கு என்பதையும் ஆராய்ந்துள்ளனர். டிக்கர்சன், கெமெனி என்னும் இருவர் 208 சோதனைகளை ஒருங்கு தொகுத்து 2004-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், பிறர் முன்னிலையில் ஒருவன் மதிப்பிடப்படுவதும், அந்நிலையினின்று தப்புதற்கு அவன் கையில் யாதும் இல்லாமையும் ஆகிய இரண்டும் கூடிய இடத்திலேயே கார்ட்டிசால் மிகுதியும் எழுகின்றது என்று கண்டனர்.

அவ்விரண்டும் கூடிய இடம் எது? வகுப்பின் முன்னே சுவரோரம் நடுங்கும் தொடையோடு நின்ற எம் தோழன் நின்ற இடமே அது. நாற்பது கண்கள் அவனைப் பார்த்தன. அவன் விருப்பால் எழவும் இயலாது, நடுக்கத்தை நிறுத்தவும் இயலாது. அவனுடைய தசைகள் நரம்பைத் தூண்ட, நாணம் சுரப்பியைத் தூண்டிற்று. அரைமணி கழித்து ஆசிரியர் அவனை எழுப்பியபோது, தண்டனை முடிந்தது என்று அவர் எண்ணினார். உடலின் கணக்கிலோ கார்ட்டிசால் ஓங்கும் பொழுது அது. கார்ட்டிசாலோடு ஒத்த கார்ட்டிசோன் என்னும் மருந்தை வளர்ந்தோர்க்குக் கொடுத்து, முன்னரே கற்ற சொற்களை நினைவுகூரச் செய்தபோது, அவர் நினைவு குன்றியது என்று டி குவெர்வன் முதலியோர் 2000-ஆம் ஆண்டில் எழுதியுள்ளனர். அங்குக் கண்டது அழிந்த நினைவன்று. எடுக்க வாராத நினைவு. எட்டாம் வாய்பாடும் அவ்வாறே அவனை விட்டுப் போகவில்லை, பூட்டிய அறையிற் கிடந்தது என்றே இப்பொழுது யாம் எண்ணுகின்றோம். அறையைப் பூட்டியவர் யார் என்பது ஆசிரியர்க்கும் தெரியாது. எம் தோழனுக்கும் தெரியாது. அவன் தன்னை மூடன் என்றே முடிவு செய்துகொண்டான். அவன் ஆறாம் வகுப்போடு நின்றுவிட்டான். இன்று நெல் அறுக்கும் இயந்திரம் ஓட்டுகின்றான். அத்தொழில் இழிந்ததன்று. ஆனால் அவன் அதனைத் தேர்ந்தெடுத்தானா, அதற்குத் துரத்தப்பட்டானா என்பதே வினா.

இவற்றைக் கற்றபோது எமக்கு வியப்பளித்தது ஒன்றுண்டு. உள்ளத்து நிகழ்ச்சி உடலில் வெளிப்படுதலை நம் முன்னோர் மெய்ப்பாடு எனப் பெயரிட்டு ஆராய்ந்தனர். தொல்காப்பியம் மெய்ப்பாடுகளை எட்டெனக் கொண்டு ஒவ்வொன்றும் பிறக்கும் நிலைக்களன் நான்கு நான்காக வகுக்கின்றது. அவற்றுள் இளிவரல் பிறக்கும் இடங்களுள் ஒன்று வருத்தம். அச்சம் பிறக்கும் இடங்களுள் ஒன்று தம்மை ஆளும் இறை. பெருமிதம் பிறக்கும் நான்கனுள் முதற்கண் வைக்கப்பட்டது கல்வி. ஆகவே, பள்ளிக்கூடத்தில் மாணாக்கனுடைய உடலில் தோன்றவேண்டிய மெய்ப்பாடு பெருமிதம். வருத்தத்தாலும் ஆள்வோராலும் அவ்விடத்தே இளிவரலையும் அச்சத்தையும் விளைத்தல், மருதத்து வயலில் உப்பைப் பாய்ச்சுதல் போலும். அட்ரினலினும் கார்ட்டிசாலும் தொல்காப்பியர்க்குத் தெரியும் என்று யாம் கூறவில்லை. அங்ஙனம் கூறுவோரை நகைப்போம். உள்ளத்தையும் உடலையும் பிரித்து நோக்காத கண் அவர்க்கு இருந்தது. அக்கண் நம் ஆசிரியர்க்கும் வேண்டும் என்பதே எம் கருத்து.

‘அசைவற்ற உழைப்பு யாவும் தீதெனின், தஞ்சையின் பரதநாட்டியத்தை என்செய்வது?’ என்றார் எம் நண்பர் ஒருவர். நல்ல வினா. சரபோசி மன்னர் காலத்துத் தஞ்சை அரசவையில் விளங்கிய சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் உடன்பிறந்தார் நால்வர் வகுத்த முறையே இன்றைய பரதநாட்டியப் பயிற்சிக்கு அடிப்படை. அப்பயிற்சியில் முதலிற் கற்பது அரைமண்டி; முழங்கால்களைப் பக்கவாட்டில் மடக்கி, முதுகு வளையாது இருக்கும் நிலை. தொடைத் தசைக்கு அதனாலாகும் பாரம், நாற்காலியின்றி இருக்கும் தண்டனையினும் இழிந்ததன்று. ஏழெட்டு வயதுச் சிறுமியர் அதனை நாள்தோறும் பயில்கின்றனர். வேறுபாடு யாதெனில், அரைமண்டியில் கால்கள் தட்டிக்கொண்டே இருக்கும், ஓர் அடவு முடிந்ததும் நிமிர்வர், நாளுக்கு நாள் சிறிது சிறிதாகக் கூட்டுவர், அயர்ந்தால் அமர்வர். எல்லாவற்றினும் மேலாக, அச்சிறுமி ஒன்றனைக் கற்றற்காக அங்ஙனம் இருக்கின்றாள். தன் பிழைக்கு விலையாக அன்று. தசை ஒன்றே, மடக்கும் ஒன்றே, மெய்ப்பாடு வேறு. எனவே யாம் பழிப்பது உழைப்பை அன்று. உழைப்பை இழிவாக மாற்றுதலையே பழிக்கின்றோம். தேகப்பயிற்சியைத் தண்டனையாக்கிய பள்ளியில் எந்தப் பிள்ளை தேகப்பயிற்சியை விரும்பும்?

‘நாங்களெல்லாம் முழங்காலிட்டே வளர்ந்தோம், கெட்டா போனோம்?’ என்பார் முதியோர் பலர். அவர்களை யாம் மதிக்கின்றோம். ஆயினும் இவ்வாறு கேட்க இன்று நம் முன் நிற்போர் கெடாது தப்பினோரே. தப்பாதவர் இவ்வவைக்கு வந்திலர். எம் தோழன் இம்மலரைப் படிக்கப் போவதில்லை. கரை சேர்ந்தோரை மட்டும் எண்ணி ஆற்றின் ஆழத்தை அளத்தல் காவிரிக்கரையார்க்கு அழகன்று.

சட்டம் இதுபற்றி யாது கூறுகின்றது? 2009-ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல்வகைத் தண்டனையையும் உள்ளத்தை வருத்துதலையும் தடுக்கின்றது. தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் வகுத்த நெறிமுறைகள், பெஞ்சின்மேல் நிறுத்துதல், சுவரோரம் நாற்காலிபோல் இருக்கச் செய்தல், புத்தகப்பையைத் தலையில் வைத்து நிறுத்துதல், முழங்காலிடச் செய்தல் ஆகியவற்றைப் பெயர் சுட்டியே உடல்வகைத் தண்டனை என்கின்றன. அந்நெறிமுறைகளை நம் மாநிலத்திற் செயற்படுத்துமாறு சென்னை உயர் நீதிமன்றம் 2024-ஆம் ஆண்டிற் பணித்தது. ஆனால் இங்கே நம்மனோர் கருதவேண்டியது ஒன்றுண்டு. கல்வி உரிமைச் சட்டம் சிறுபான்மையோர் பள்ளிகளைக் கட்டுப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு சரியோ என்பதைப் பெரிய அமர்வு மீண்டும் ஆராயவேண்டும் என்று அந்நீதிமன்றத்தின் இருவர் அமர்வு ஒன்று 2025-ஆம் ஆண்டிற் கருதியது. வழக்கு எவ்வாறு முடியினும், சிறுவரைத் தம்மிடம் வரவிடச் சொன்னவர் பெயரால் நடைபெறும் பள்ளிகள், சட்டம் தம்மைத் தொடுமோ தொடாதோ என்று பார்த்திருத்தல் தகுமா? பிறர்க்குச் சட்டம் கட்டளையிடுவதை நாம் மனச்சான்றால் முந்திச் செய்தல் வேண்டும். விலக்கு என்பது நன்மையில் முந்துதற்குத் தடையன்று.

இனி, வேண்டாதவற்றை மட்டும் கூறி அமைதல் முறையன்று. வேண்டுவனவற்றுட் சிலவும் கூறுவோம். தண்டனைக்காக உடலை ஒரு நிலையில் நிறுத்துதலை, அஃது எத்துணைச் சிறிதாயினும், பள்ளி ஒழித்தல் வேண்டும். பிழை செய்த மாணாக்கனைத் தனியே அழைத்துப் பேசுதல் வேண்டும். நாற்பது கண்கள் விலகிய இடத்தில் நாணம் அடங்கும், அறிவு விழிக்கும். வகுப்பில் நெளியும் பிள்ளையைக் குறும்பன் எனக் கொள்ளற்க. இருந்த இடத்திலேயே நெடுநேரம் நிமிர்ந்திருத்தலும் முதுகுத் தசைக்கு அசைவற்ற உழைப்பே; நெளிதல், நெரிபட்ட தசைக்குத் தானே மடை திறந்துகொள்ளுதல். ஒரு பாடத்திற்கும் அடுத்ததற்கும் இடையில் எழுந்து கைகால் நீட்டச் செய்தால் நெளிவும் குறையும், படிப்பும் ஏறும். காலைக் கூட்டத்தில் வெயிலில் அசையாது நிற்கவைத்து, இரத்தம் காலில் தேங்கிப் பிள்ளைகள் மயங்கி விழக் காண்பது நமக்குப் புதிதன்று; நிழலும் சுருக்கமும் அதற்கு மருந்து. 2020-ஆம் ஆண்டுப் புத்தகப்பைக் கொள்கை, பையின் நிறை பிள்ளையின் நிறையில் பத்திலொரு பங்கிற்கு மேற்படலாகாது என்கின்றது. அஃதும் இதனோடு சேர்ந்ததே. தேகப்பயிற்சி வகுப்பிலோ, அசைவற்ற பயிற்சிகள் குறுகியனவாகவும், மூச்சை அடக்காதனவாகவும், வேண்டும்போது விடத்தக்கனவாகவும் இருத்தல் வேண்டும். மூச்சை அடக்கிப் பிடித்தால் இரத்த அழுத்தம் இன்னும் மிகும்.

இவற்றுள் ஒன்றேனும் பணச்செலவு உடையதன்று. ஆசிரியர் தம் பார்வையைச் சிறிது திருப்பினால் அமையும்.

நம் கல்லூரியில் தமிழும் பிறவும் பயில்வோருட் பலர் இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகளில் ஆசிரியப் பயிற்சிக்குச் செல்வர். அதன்பின் எங்கேனும் ஓர் ஊர்ப் பள்ளியில் நாற்பது பிள்ளைகளின் முன் நிற்பர். அங்கே ஆனிமாதத்தில் ஒருநாள் வாய்க்காலில் புதுநீர் வரும். பிள்ளைகள் சன்னலுக்கு ஓடுவர். அப்பொழுது அயர்ச்சியால் நம் நாவிலும் ‘முழங்காலிடு’ என்னும் சொல் எழக்கூடும். எம் நாவிலும் எழக்கூடும் என்பதை யாம் மறுக்கவில்லை. எழுமாயின், அச்சொல்லை விழுங்கிவிட்டு, நாற்பதின்மரையும் அழைத்துக்கொண்டு வாய்க்காற்கரைக்குச் சென்று, நீர் வரும் வழியையே அன்றைய பாடமாக நடத்துவோமாக. அன்று அவர்கள் உடல் அசைந்துகொண்டிருக்கும். வாய்பாடும் அதன் இடத்தில் இருக்கும்.